பகுதி நேரம் என்றால் எந்தப் பகுதி?

கேள்வி: என் மகன் பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகை நிருபராகத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எங்கள் தாலுகாவுக்கு ஒரு நாளிதழ் பகுதி நேர நிருபர் தேடுகிறதாம். சம்பளம் பற்றிப் பேச்சே இல்லை. அடையாள அட்டை மட்டும் உண்டாம். சேர்த்துவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: சம்பளம் கிடக்கட்டும். பகுதி நேரம் என்றார்களே, நாளின் எந்தப் பகுதி என்று கேட்டீர்களா? விடிகாலை மூன்றரைக்கு மதுரை-தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ் கவிழும். அது ஒரு பகுதி. திங்கட்கிழமை என்றால் பத்து மணிக்கு விருதுநகர் கலெக்டர் ஆபீசில் குறைதீர் கூட்டம். மத்தியானம் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு உட்காருவார்கள். சாயங்காலம் கட்சிக் கொடியேற்று, ராத்திரி கோயில் பூக்குழி. எல்லாம் அனுப்பிவிட்டுச் சாப்பாட்டில் கை வைக்கும்போது செய்தியைத் திருத்துகிற ஆபீஸ் டெஸ்க்கிலிருந்து போன் வரும்: “செத்தவருக்கு வயசு 45ஆ, 54ஆ?” மிச்சமிருக்கும் நேரத்தில் பையன் தூங்கிக்கொள்ளலாம். பகுதி நேரம் என்பது அந்தத் தூக்கம்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு தாலுகா நிருபர் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அந்தக் காலத்தில் பிலிம் ரோலைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நம்பரை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆபீசுக்குச் சொல்வார். அங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் காத்திருப்பான். தண்ணீர் வராமல் பெண்கள் மறியல் செய்கிற இடத்துக்கு இவர் போனால், கல்யாண வீட்டுப் பழக்கம் விடாது. “உயரமானவங்க பின்னாடி போங்கம்மா. குடத்தை இடுப்புல வைங்க. பாப்பா, நீ நடுவுல வா.” இன்ஸ்பெக்டர்கூடப் படம் எடுத்து முடிகிறவரை ஓரமாக நிற்பார். முடிந்ததும், “சரி, இப்ப மறியலைக் கலைக்கலாமா?” என்று இவரிடம் கேட்டுக்கொண்டு கலைப்பார்.

கலர் அச்சும் பிளாஸ்டிக் குடமும் வந்த பிறகு அவருக்குப் புதுத் தலைவலி. சிவப்புக் குடங்களாக முன்வரிசையில் நின்றால் தோழர்கள் தூண்டிவிட்டதாக நகராட்சியில் சொல்வார்கள். ஆகவே பச்சை ஒன்று, நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று என்று மாற்றி மாற்றி நிறுத்துவார். காலிக் குடத்திலும் சமநிலை காத்தவர் அவர். பித்தளைக் குடம் போனதே என்று சில எழுத்தாளர்கள் இன்னமும் கண்ணீர் விடுகிறார்கள். அவர்கள் யாரும் அதில் தண்ணீர் எடுத்தவர்களில்லை. வெறும் குடமே என்ன கனம் என்று உங்கள் வீட்டுப் பெரியம்மாக்களைக் கேளுங்கள். பிளாஸ்டிக் குடத்தைக் கண்டுபிடித்த ஆசாமி யாரென்று தெரிந்தால் நான் மாலை போடத் தயார்.

சம்பளத்துக்கு வருவோம். பத்திரிகையாளர்களுக்கென்று 1955-லேயே சட்டம் போட்டார்கள். பத்திரிகைத் தொழிலே பிரதானமாக இருப்பவர்தான் அதன் கண்ணில் பத்திரிகையாளர். தாலுகா நிருபரிடம் அதனால்தான் “உங்க மெயின் தொழில் என்ன சார்?” என்று அன்பாக விசாரிப்பார்கள். ஜெராக்ஸ் கடை என்று வாயைத் திறந்தீர்களோ, தீர்ந்தது. மெயின் தொழில் உள்ளவர்களுக்கே பெரிய வாழ்வில்லை என்பது வேறு கதை. பத்திரிகை ஊழியர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011-ல் அரசு அறிவித்தது, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. பல நிர்வாகங்களோ ஊழியர்களைக் கூப்பிட்டு, “பழைய சம்பளமே போதும்” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டன. பரிந்துரைத்ததைவிடக் குறைவாக வாங்குகிறவரிடம் வாங்கிய அந்தக் கையெழுத்து செல்லாது என்று சொல்லிவைக்க 2017 ஜூனில் மறுபடியும் அதே நீதிமன்றம் உட்கார வேண்டியிருந்தது.

அட்டை தருகிறார்கள் என்றீர்களே, அதோடு விளம்பர டார்கெட்டும் வரும். பொங்கல் மலர், தீபாவளி மலர், அமைச்சர் வருகை, மாவட்டச் செயலாளர் பிறந்தநாள். வாழ்த்து விளம்பரத்தில் பாஸ்போர்ட் சைஸ் முகங்களை அடுக்குவது குருக்ஷேத்திர வியூகம். ஒன்றியச் செயலாளருக்கு முன்னால் நகரச் செயலாளர் வந்தால் ஒன்றியம் பணம் தராது. பணம் வராவிட்டால் ஆபீஸ் அதை உங்கள் பையன் கணக்கில் எழுதும். அந்த ஒன்றியம் மறுமாதம் கண்மாயில் திருட்டு மண் அள்ளுகிறார் என்று வையுங்கள். பாக்கி வசூலிக்கப் போகிற பையனே போய் லாரி நம்பரையும் குறித்துக்கொண்டு வருவானா?

இதை நான் மட்டும் சொல்லவில்லை. காசுக்குச் செய்தி போட்ட விவகாரத்தை விசாரித்த பிரஸ் கவுன்சில் துணைக்குழு 2010-லேயே சொன்னது: நிருபரையே விளம்பர ஏஜென்டாக்கி, சம்பளத்துக்குப் பதில் கமிஷன் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள் என்று. பத்திரிகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட அந்த அறிக்கையைக் கவுன்சில் முழுசாக வெளியிடாமல் இளைக்கவைத்து வெளியிட்டது. ஊரார் ஊழலையெல்லாம் எழுதுகிற நாம் நம் வீட்டு அழுக்கு என்றதும் பக்கச் சிக்கனம் பார்ப்போம்.

இப்படி எழுதினால் டி.வி. விவாதத்தில் ‘மூத்த பத்திரிகையாளர்’ என்று பெயர்ப்பட்டை போட்டு உட்காரும் நண்பர்களுக்குக் கோபம் வரும். அவர்களோடு என் வழக்கு பழையது. முன்பு இதே பக்கத்தில் நான் கிண்டலடித்ததற்கு ஒருவர் காரசாரமாக மறுப்பு எழுதினார். கையெழுத்துக்குக் கீழேயும் ‘மூத்த பத்திரிகையாளர்’ என்றே போட்டிருந்தார். இவர்களில் சிலர் கடைசியாக ஒரு செய்தி அனுப்பியபோது நாட்டில் தந்தி ஆபீஸ் இருந்தது. (2013 ஜூலையில் மூடினார்கள்.) அருப்புக்கோட்டையை அவர்கள் சென்னையில் ஏ.சி.யில் உட்கார்ந்து அலசவேண்டும் என்றால், அருப்புக்கோட்டையில் ஒருவன் சொந்த பெட்ரோலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அவனோ நாற்பது வருடம் எழுதினாலும் மூத்தவனாக மாட்டான், பகுதி நேரம்தான்.

பயமுறுத்த அல்ல, தெரிந்திருக்கட்டும் என்று ஒன்று சொல்கிறேன். ஹரியானாவில் சிர்சா என்ற ஊரில் ராம் சந்தர் சத்ரபதி ‘பூரா சச்’ என்று ஒரு சிறு பத்திரிகை நடத்தினார். அதே ஊரில் ஆசிரமம் வைத்திருந்த குர்மீத் ராம் ரஹீம் மீது பாலியல் புகார் சொன்ன ஒரு மொட்டைக் கடிதத்தை 2002-ல் வெளியிட்டார். அந்த வருட அக்டோபரில் வீட்டு வாசலில் வைத்துச் சுட்டார்கள், நவம்பரில் இறந்தார். சாமியார் பாலியல் வழக்கில் தண்டனை பெற 2017 ஆகிவிட்டது. தலைநகரத்து நிருபர் எழுதிவிட்டு விமானம் ஏறலாம். உள்ளூர்க்காரன் மறுநாள் காலை அதே தெருவில்தான் பால் வாங்கவேண்டும்.

பையன் சேரட்டும். நியமன உத்தரவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தரமாட்டார்கள், இருந்தாலும் கேட்கட்டும். விளம்பரம் பிடிக்கமாட்டேன் என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டும். பி.காம். ஆயிற்றே, பெட்ரோல், ரீசார்ஜ், டீ மூன்றையும் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் உங்களிடம் காட்டட்டும். ஆபீசில் காட்டிப் பிரயோசனமில்லை. பைக்கில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். அது ஒட்டாத வண்டி உங்கள் ஊரில் ஏற்கெனவே குறைவு.