டேர்போ பூஸ்ட்டும் ஒக்டேனும்: கேள்வி பதில்

கொக்குவில்: அண்ணை, 92 ஐ விட 95 இல சக்தி கூடத்தானே? அதை அடிச்சிட்டு பூஸ்ட்டை ஏத்தலாமோ?

95 இல் சக்தி கூட இல்லைத் தம்பி. பிளக் பொறி விடுவதற்கு முன்னும் பின்னும், தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெற்றோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதே ஒக்டேன். பூஸ்ட், அதாவது டேர்போ எஞ்சினுக்குள் அமுக்கும் காற்றின் அழுத்தம், ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும். சுவாலை போய்ச் சேருமுன் ஓரத்தில் கிடக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நொக். பிஸ்டனில் றிங் இருக்கும் விளிம்பு உடைவது பெரும்பாலும் இதால்தான். இன்னொன்று: ஜப்பானுக்கென்று செய்த வேக டேர்போ கார்கள் அந்த நாட்டுப் பிரீமியம் பெற்றோலை நம்பி அமைத்தவை. அங்கத்தைய தரப்படி பிரீமியம் என்றால் குறைந்தது 96. அந்தக் காருக்கு 95 அடித்தாலே நொக் வராமல் காக்கும் இடைவெளி குறைவு. 92 இல் பூஸ்ட்டைத் தொடவே வேண்டாம்.

சாவகச்சேரி: ஒக்டேன் பூஸ்டர் போத்தலில 30 பொயின்ற் எண்டு போட்டிருக்கு. 95 ஓட சேர்த்தால் 125 ஆகுமோ?

ஆகாது. அந்தப் பொயின்ற் பெரும்பாலும் 0.1 ஒக்டேன், 30 என்றால் 3 தான் கூடும். மாங்கனீசு கலந்தது பிளக்கில் செம்மஞ்சள் படிவு விடும். ஈயம் கலந்த றேஸ் பெற்றோல் ஒட்சிசன் சென்சரைக் கெடுக்கும். 100 ஒக்டேன் கிடைத்தாலும் தாங்கியில் மிச்சம் கிடப்பதைக் கணக்கெடுங்கோ: 10 லீற்றர் 95 க்கு மேல் 20 லீற்றர் 100 ஊற்றினால் வருவது ஏறத்தாழ 98. 100 க்கு ரியூன் பண்ணியிருந்தால் பழையதை வடித்துவிட்டுத்தான் ஊற்ற வேணும்.

பருத்தித்துறை: பலாலிக்கு வாற பிளேனுக்கு அடிக்கிறதை எடுத்தால்?

அந்த ஏடிஆர் விமானங்களுக்கு அடிப்பது ஜெட் எரிபொருள். அது மண்ணெண்ணெய் இனம், ஒக்டேன் மிகக் குறைவு. ஒரு சொட்டும் கலக்கக்கூடாது.

மானிப்பாய்: 0.7 பாரில ஓடுற நாலு சிலிண்டர் எஞ்சின். 1.0 பாருக்கு ஏத்த எதிலை தொடங்கிறது?

கொம்பிரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது என்று பார்ப்பதில் தொடங்குங்கோ. சிலிண்டர்களுக்கிடையில் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் பூஸ்ட் கதையை அங்கேயே விடுங்கோ. அடுத்தது பெற்றோல் போதுமா என்ற கணக்கு. 300 குதிரைவலுவுக்கு, பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர் 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்திராமல் இருக்க, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 590 சிசி அளவில் விட வேணும். பூஸ்ட் 0.3 பார் ஏறினால் றெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் குழாய்) அழுத்தமும் அதே 0.3 ஏற வேணும்; ஏறாமல் நின்றால் பம்ப் தோற்கிறது. பம்புக்குப் போகும் வயரில் வோல்ற் விழுந்தாலும் இதே கதைதான், பலர் கவனிப்பதில்லை.

பிளக் ஒரு படி குளிரானது, அதாவது சூட்டைக் கெதியாகக் கடத்துவது, போடுங்கோ. என்ஜிகே பிராண்ட் பிளக்கில் எண் கூடினால் குளிர்: 6 இருந்தால் 7. இடைவெளியை 0.7 மில்லிமீற்றருக்குக் குறையுங்கோ, இல்லாவிட்டால் கூடின அழுத்தத்தில் பொறி அணையும். காற்றுக்கும் பெற்றோலுக்குமான விகிதத்தைக் காட்டும் வைட்பாண்ட் மீற்றர் இல்லாமல் பூஸ்ட்டை ஏற்றவே கூடாது. முழு பூஸ்ட்டில் அந்த விகிதம் 11.5 அளவில் நிற்க வேணும், 12.5 க்குப் போனால் உடனே காலை எடுங்கோ. ஏற்றுவது ஒரு தடவைக்கு 0.1 பார். முதலில் ரைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துவிட்டு ஏற்றி, எஞ்சின் பதிவைப் பார்த்து, நொக் இல்லையென்றால் மட்டும் ஒவ்வொரு பாகையாக முன்னுக்குக் கொண்டுவாருங்கோ.

சுன்னாகம்: 1.1 பாரில எஞ்சின் வெட்டுது. சென்சரை ஏமாத்திற பெட்டி போடலாமோ?

போடாதேங்கோ. அந்த வெட்டுத்தான் எஞ்சினைக் காப்பாற்றுவது. பெட்டி போட்டால் காற்று கூடும், பெற்றோல் கூடாது. கூடிய அளவு வாசிக்கும் மப் சென்சரை (பூஸ்ட் அழுத்தத்தை அளப்பது) போட்டு, அதற்கேற்ப எஞ்சின் கணினியான ஈசியூவை ரியூன் பண்ண வேணும்.

நல்லூர்: றேஸில முதல் ஓட்டம் நல்லம். மூண்டாவதில நொக் வருது, ஏன்?

சூடு. எங்கட 32 பாகை வெயிலில் 1 பார் பூஸ்ட் என்றால், சாதாரண டேர்போவிலிருந்து காற்று ஏறத்தாழ 125 பாகையில் வெளியே வரும். அந்தக் காற்றைக் குளிராக்கும் இன்ரர்கூலர் நல்லதென்றால் அதை 60 க்கு இறக்கும். அடுத்த ஓட்டத்துக்கு வரிசையில் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றால் இன்ரர்கூலரே கொதித்துவிடும், பிறகு இறக்காது. ஓட்டம் முடிய ஒன்றிரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தி, பொனற்றைத் திறந்து, ஃபான் பிடியுங்கோ. உள்ளெடுக்கும் காற்று 55 பாகை தாண்டினால் ரைமிங் தானாகப் பின்வாங்குவதுபோல் ஈசியூவின் அட்டவணையில் எழுதிவையுங்கோ.

உரும்பிராய்: ஹெல்மெற்றோட நொக் சத்தம் கேக்காதே. எப்பிடி அறியிறது?

காதை நம்ப வேண்டாம். ஓட்டம் முடியும் இடத்திலேயே எஞ்சினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானை லென்ஸால் பாருங்கோ. கறுப்புப் புள்ளி தெளித்தாற்போல் இருந்தால் நொக் தொடங்கிவிட்டது: பூஸ்ட்டை 0.2 பார் இறக்குங்கோ. வெள்ளிபோல் மினுங்கும் துணிக்கை இருந்தால் அது பிஸ்டன் அலுமினியம். திரும்பவும் கொம்பிரஷன் பார்க்காமல் ஸ்ரார்ட் பண்ணாதேங்கோ.