அம்மா திரும்பத் திரும்பச் சொல்லும் கதை

அன்புள்ள அண்ணன்,

கிழக்கிலங்கையில் திருக்கோவில் என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். என் தம்பியைச் சுனாமி கொண்டுபோனது. அம்மாவும், அவவைப்போலப் பிள்ளைகளைப் பறிகொடுத்த அயல் பெண்களும் பின்னேரங்களில் எங்கள் வாசலில் கூடினால், எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்தப் பேச்சில்தான் வந்து நிற்பார்கள். இருபது வருடம் கடந்தும் அதே கதை, அதே அழுகை. இடையில் சிரிப்பும் கேட்கும். நான் போன ஒரு பயிற்சியில், நடந்ததைத் திரும்பச் சொல்லவைப்பது காயத்தைக் கிளறும் என்றார்கள். அம்மாவைத் தடுக்க வேண்டுமா?

சி.

அன்புள்ள தங்கச்சி,

தடுக்க வேண்டாம்.

பயிற்சியில் சொன்னது பிழையில்லை. அனர்த்தம் நடந்த சூட்டோடு ஆட்களை இருத்தி, கண்டது கேட்டது அத்தனையையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் முறை ஒன்று இருந்தது. அதைச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கேள்விப் படிவத்தோடு வந்து இறங்கியவர்களை நம் கரையோரமும் நன்றாக அறியும். கேட்டவர் மறுகிழமை வேறு மாவட்டத்தில் நிற்பார். அழுதவர் அழுதபடி இருப்பார்.

உங்கள் வாசலில் யாரும் யாரையும் சொல்லச்சொல்லிக் கேட்பதில்லை. மனமில்லாத நாளில் ஒருத்தி வெற்றிலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்கலாம். அதைவிட, கேட்கிறவர்களுக்கு உங்கள் தம்பியைத் தெரியும். யாருடைய மாமரத்தில் ஏறினான், யாரிடம் அடிவாங்கினான் என்று தெரியும். அம்மா தொண்டை அடைத்து நிறுத்திய இடத்தில் பக்கத்தில் இருப்பவ தொடர்வா. வீட்டுச் சுவரில் அவன் மாலை போட்ட படம். அந்தப் பெண்களிடம் இன்னும் குழப்படிக்காரன். சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

பக்கத்துத் தம்பிலுவிலில் வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து, கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கோவலன் வெட்டுப்படுவான், மதுரை எரியும், எல்லாம் தெரியும். தெரிந்தும் வருடாவருடம் போய் இருந்து கண்ணைத் துடைக்கிறோம். சடங்கோ எரித்ததோடு முடிவதில்லை. குளிர்த்தி பாடி அவளைக் குளிர்விக்க வேண்டும், அதற்கு ஊரே கூட வேண்டும். ஒருத்தியின் ஆற்றாமையைத் தணிப்பது ஊரின் வேலை என்று நம் ஆட்கள் எப்போதோ தீர்மானித்துவிட்டார்கள். போர்க்காலத்தில் மட்டக்களப்பு அம்மன் கோயில்களில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் பட்ரிசியா லோறன்ஸ், காணாமற்போனவர்களின் உறவுகள் தெய்வமாடுவோரிடம் வாக்குக் கேட்கப் போனதை எழுதியிருக்கிறார். வெளியே வாய்திறக்கப் பயந்த காலம் அது. அங்கே பிள்ளையைப் பற்றிக் கேட்க முடிந்தது.

அதற்காக ஊரைத் தலையில் தூக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. புருசனை இழந்தவளைக் கலியாண வீட்டில் ஒதுக்கி இருத்துவதும் இதே ஊர்தான். "நீ கையை விட்டதாலதானே" என்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே சொல்வதும் இதே வாய்தான். நாட்டில் சுனாமி கொண்டுபோன 30,000க்கும் மேற்பட்ட உயிர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நம் அம்பாறை மாவட்டத்தில். முஸ்லிம் ஊர்களான மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் இதே கதையை வேறு பெயர் சொல்லி அழும் உம்மாமார் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது உங்கள் வாசலுக்கு வந்ததுண்டா? 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி, களிமண்ணும் வர்ணமும் கதையுமாக விட்டார்கள். பெரியவர்களுக்கு அப்படி ஓர் இடம் வாய்த்தது குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். அம்மா அந்தக் கூட்டத்தை விட்டு ஒதுங்கினால், நித்திரையும் சாப்பாடும் கெட்டால், "நானும் அவனிட்டையே போறன்" என்று சொல்லத் தொடங்கினால், அயலட்டை மட்டும் போதாது. அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மற்றது, உங்கள் கடிதத்தில் அம்மா இருக்கிறா, அயல் பெண்கள் இருக்கிறார்கள், உங்களைத்தான் காணவில்லை. குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றியபடி கேட்டிருப்பீர்கள் போலும். அடுத்தமுறை தேத்தண்ணியோடு வந்து நீங்களும் இருங்கள். அவன் உங்களுக்கும் தம்பிதானே.