செம்மண்ணுக்கும் தாருக்கும் ஒரே ஷூவா?

வாசகர் கேள்வி-பதில்: ஓட்டக் காலணிகள்

கேள்வி: வாரத்தில் நாலு நாள் கடற்கரைச் சாலையில் ஓடுகிறேன். சனிக்கிழமை ஆரோவில் பக்கம் செம்மண் பாதை, எப்போதாவது செஞ்சிக்கோட்டை. இத்தனைக்கும் ஒரே ஜீரோ டிராப் டிரெயில் ஷூ (மண், பாறைப் பாதைக்கான ஷூ) போதுமா? கடைக்காரர், "அஞ்சு மில்லிமீட்டர் பல்லு சார், எங்க வேணா ஓடலாம்" என்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், லாஸ்பேட்டை

பதில்: போதும். ஆனால் நீங்கள் கேட்பது டிராப்பைப் பற்றி, அவர் சொல்வது ஷூவின் அடியில் துருத்தி நிற்கும் ரப்பர் பல்லைப் பற்றி. இரண்டும் வேறு வேறு.

குதிகாலுக்கு அடியில் உள்ள பருமனிலிருந்து முன்பாதத்துக்கு அடியில் உள்ள பருமனைக் கழித்தால் வருவது டிராப். வழக்கமான ஓட்ட ஷூக்களில் இது 8 முதல் 12 மி.மீ. வரை இருக்கும், ஜீரோ டிராப்பில் குதிகாலும் முன்பாதமும் ஒரே மட்டம். இது முழுக்க உங்கள் கெண்டைக்கால் சம்பந்தப்பட்ட சமாச்சாரம். தரைக்குப் பதில் சொல்ல வேண்டியவை பல்லும் ரப்பரும் நடுவில் இருக்கும் தகடும்தான்.

முதலில் தார். பல் உயரமாகவும் ஒல்லியாகவும் இருந்தால் ஒவ்வொரு அடியிலும் அது வளைந்து நிமிரும். கால் லேசாக ஆடுவது போலத் தோன்றும், பல்லின் விளிம்பும் சீக்கிரம் கரைந்துவிடும். ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும் மிருதுவான ரப்பர் தாரில் இன்னும் வேகமாகத் தேயும். உங்கள் ஓட்டத்தில் பாதிக்கு மேல் தார் என்பதால் 3 முதல் 4 மி.மீ. பல், அதுவும் அகலமான தலையோடு நெருக்கமாக இருப்பது போதும். 5 மி.மீ. உங்களுக்கு வீண் செலவு.

செம்மண் காய்ந்திருக்கும்போது மேலே சரளை உருளும், கேழ்வரகைக் கொட்டி வைத்த தரையில் ஓடுவது மாதிரி. அங்கே பல்லின் உயரத்தைவிட, ஷூவின் ஓரம் வரை பல் இருக்கிறதா என்பதே முக்கியம். திருப்பத்தில் வழுக்குவது ஓரத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் களியாகிவிடும். பற்களுக்கு இடையே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு இடைவெளி இல்லாவிட்டால் மண் அப்பிக்கொள்ளும், பல் இருந்தும் இல்லாத கதைதான். மழைக்காலத்திலும் சனிக்கிழமை ஓட்டத்தை விடாதவர் என்றால் 4 மி.மீ.யும் நல்ல இடைவெளியும் உள்ளதாகப் பாருங்கள்.

செஞ்சியில் படிக்கட்டும் பாறையும்தான். அங்கே கூர்மையான கல் உள்ளங்காலில் குத்துவதுதான் தொல்லை. சில ஷூக்களில் முன்பாதத்துக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்திருப்பார்கள். கடையிலேயே சோதிக்கலாம்: இன்சோலை (ஷூவுக்குள் பாதம் படும் தனி அட்டை) உருவிவிட்டு ஒரு கையை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள், மறு கையின் கட்டைவிரலால் அடிப்பக்கம் இரண்டு பற்களுக்கு நடுவே ஓங்கி அழுத்துங்கள். உள்ளே கூராகத் தெரிந்தால் கல்லும் அப்படித்தான் தெரியும். பிறகு குதிகாலையும் நுனியையும் பிடித்துத் துணி பிழிவது போல முறுக்குங்கள். கொஞ்சம் முறுகி எதிர்ப்புக் காட்டினால் நல்லது. துணி மாதிரி சுருண்டால் பாறைக்கு ஆகாது. மரக்கட்டை போல விறைத்து நின்றால் சமமில்லாத தரையில் கணுக்காலைப் புரட்டும்.

டிராப் எவ்வளவு என்று வெளியிலிருந்து பார்த்து ஏமாறாதீர்கள். பக்கச் சுவர் பாதத்துக்கு மேலே ஏறி நிற்பதால் குதிகால் உயர்ந்த மாதிரி தெரியும். உள்ளே கட்டைவிரல், அடியில் ஆள்காட்டி விரல் வைத்துக் கிள்ளிப் பிடித்து இரண்டு இடத்திலும் பருமனை ஒப்பிடுங்கள். மொத்தப் பருமனையும் கேளுங்கள். அல்ட்ரா நிறுவனத்தின் லோன் பீக் என்ற மாடல் ஜீரோ டிராப்தான், ஆனாலும் முன்னும் பின்னும் 25 மி.மீ. பருமன் கொண்டது. அந்த நிறுவனமே இப்போது 4 மி.மீ. டிராப் மாடல்களும் விற்கிறது. பெயரைப் பார்த்து வாங்காமல் அந்த மாடலின் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: ஜீரோ டிராப் என்றால் வெறுங்காலோடு ஓடுவது மாதிரிதானே?
— வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை. வெறுங்கால் பாணி ஷூவில் மெத்தையே பெரிதாக இருக்காது. ஜீரோ டிராப்பில் மெத்தை எவ்வளவும் இருக்கலாம், சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஜீரோ டிராப் வாங்கி மூன்று வாரம். தினமும் 8 கி.மீ., ஞாயிறு சில்வர் பீச் மணலில். இப்போது காலையில் எழுந்தால் கெண்டைக்கால் கல் மாதிரி, குதிகாலுக்கு மேலே பின்பக்கம் இழுக்கிறது. ஷூ சரியில்லையா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஷூவைக் குறை சொல்ல வேண்டாம், அவசரம்தான் காரணம். குதிகால் 10 மி.மீ. கீழே இறங்கினால் கெண்டைக்கால் தசையும், அதைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணும் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக நீள வேண்டும். முழங்காலுக்குப் பாரம் குறையும், அந்தப் பாரம் கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் போகும். வருஷக்கணக்காக உயர்ந்த குதிகாலுக்குப் பழகிய கால், மூன்று வாரத்தில் எப்படி மாறும்?

அதிலும் மணல்! மெதுமணலில் குதிகால் முன்பாதத்தைவிட ஆழமாகப் புதையும். அப்போது ஜீரோ டிராப் என்பது உண்மையில் ஜீரோவுக்கும் கீழே போய்விடுகிறது. கேப்பர் மலைப் பக்கம் ஏற்றத்தில் ஓடினாலும் இதே கதை. முதல் இரண்டு மாதம் மணலும் ஏற்றமும் பழைய ஷூவில்தான்.

இப்போது செய்ய வேண்டியது: வலி அடங்கும்வரை பழைய ஷூவுக்குத் திரும்புங்கள். அதன்பின் இரண்டு வாரம் புதியதை நடக்க மட்டும், தினம் அரை மணியிலிருந்து ஒரு மணி. மூன்றாவது வாரம் சமதரையில் 10 முதல் 15 நிமிட ஓட்டம், வாரம் இரண்டே தடவை, நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. பிறகு வாரத்துக்கு 5 நிமிடம் வீதம் கூட்டுங்கள். முழுசாக மாற 8 முதல் 12 வாரம் ஆகும். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் இன்னும் நிதானம்.

கூடவே மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, இரண்டு காலாலும் எக்கி, ஒற்றைக் காலால் மெதுவாகக் குதிகாலை இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று. இறங்கும்போது மூன்று வரை எண்ண வேண்டும்; சட்டென்று விட்டால் பலன் இல்லை. எக்கும்போது கூர்மையாக வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாதத்தின் மேல்புறம், விரல் எலும்புகளுக்குப் பின்னால், ஒரே ஒரு புள்ளியில் விரல் வைத்தால் துள்ளும்படி வலிக்கிறதா? அது தசைவலி இல்லை, எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு அகலமான பாதம். 9 போட்டால் சுண்டுவிரல் உரசுகிறது, 10 போட்டால் குதிகால் கழல்கிறது.
— வாசகர், முதலியார்பேட்டை

பதில்: நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த மாடலே வேண்டாம், எந்த சைஸிலும். நீளவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறக்கத்தில் பாதம் முன்னே சரியும்போது நகம் கறுப்பதெல்லாம் இந்த இடம் இல்லாததால்தான்.

குதிகால் மட்டும் கழன்றால் லேஸ் கட்டும் விதத்தில் தீர்வு உண்டு. மேலே கடைசியாக ஒரு துளை சும்மா விட்டிருப்பார்களே, லேஸை அதே பக்கத்துத் துளைக்குள் விட்டுச் சின்ன வளையமாக்குங்கள். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து, பின்னோக்கிக் கீழே இழுத்து முடியுங்கள். கணுக்கால் பக்கம் ஷூ இறுகப் பிடிக்கும், விரல் பக்கம் தளர்வாகவே இருக்கும்.

கேள்வி: கடல் தண்ணீர் பட்டு ஷூ விறைத்துப்போகிறது. முள் வேறு ஏறுகிறது.
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: உப்பு காய்ந்தால் வலைத்துணி விறைத்துத் தோலை அறுக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து நிழலில் காயவிடுங்கள். மொட்டைமாடி வெயிலிலும் பூட்டிய காருக்குள்ளும் வைத்தால் பசை விடும், மெத்தை சுருங்கும். சீமைக்கருவேல முள் பல்லுக்கு நடுவில், ரப்பர் மெல்லிசான இடத்தில்தான் ஏறும். பாதி ஒடிந்து உள்ளேயே தங்கி, பத்து நாள் கழித்துக் குத்தும். ஓடி முடித்ததும் இடுக்கியால் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: எப்போது மாற்ற வேண்டும்?
— வாசகர், வில்லியனூர்

பதில்: பொதுவாக 500 முதல் 800 கி.மீ. ஆனால் குதிகால் ஊன்றி ஓடுபவருக்கு மெத்தை பின்னால் முதலில் அமுங்கும். ஜீரோ டிராப்பில் அதன் பொருள், குதிகால் முன்பாதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது என்பது. மேஜைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். மெத்தையின் பக்கச் சுவரில் குறுக்கே சுருக்கம் விழுந்திருந்தால், பல் புதுசு போல இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.