நெறி கட்டினால் டிபிதானா?

எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு வைரஸால் வரும் நிணநீர்ப் புற்றுநோய், அதாவது லிம்போமா பற்றி மதுரைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவை.

தம்பி எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறான், நடுவில் சில மாதம் விட்டுவிட்டான். இப்போது கழுத்தில் நெறி கட்டி, ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது. ஆளும் இளைத்துவிட்டான். பக்கத்து டாக்டர் டிபி மாத்திரை தொடங்கலாம் என்கிறார். (மேலூர்)

நம் ஊரில் நெறி கட்டினால் டிபியை முதலில் நினைப்பது சரிதான், அதுதான் அதிகம். ஆனால் எச்.ஐ.வி. உள்ளவருக்கு லிம்போமாவும் இதே காய்ச்சல், வேர்வை, எடைக் குறைவோடுதான் வரும். தொட்டுப் பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பார்கள். டிபி கிருமி கிடைத்தால் மருந்தைத் தொடங்கலாம். "டிபி மாதிரி இருக்கிறது" என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால், ஒரு நெறியை முழுசாக எடுத்து பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். லிம்போமாவின் வகையைச் சொல்ல ஊசியில் வரும் நாலு செல் போதாது.

ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் அடிக்கடி கோட்டை விடுகிறோம். எடுத்த சதை முழுவதையும் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால், கிருமி செத்துப்போகும், அப்புறம் அதை வளர்த்துப் பார்க்கும் டிபி கல்ச்சர் செய்ய முடியாது. ஒரு துண்டு சலைனில், அதாவது உப்பு நீரில், தனியாகப் போக வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஒரே நெறியில் டிபியும் லிம்போமாவும் சேர்ந்து இருப்பதும் உண்டு.

"சும்மா தொடங்கிப் பார்ப்போம்" என்பது எனக்கு உடன்பாடில்லை. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின், ஏ.ஆர்.டி.யில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். டிபிதான் என்று உறுதியானாலும் ராஜாஜி ஆஸ்பத்திரி ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லி டோஸை மாற்றிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டும் வேண்டாம். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, ரிசல்ட் குழம்பிவிடும். லிம்போமா என்றே வந்தாலும் தம்பி ஏ.ஆர்.டி.யை விடக் கூடாது. அதோடு சேர்த்துக் கீமோ கொடுக்கும்போது பலர் நன்றாகவே தேறுகிறார்கள்.

மாமியார் கொடுத்த கிட்னி என் மனைவிக்கு வைத்து எட்டு மாதம். வைரஸால் வந்த லிம்போமா என்று சொல்லி, கிட்னி மாத்திரையைக் குறைக்கிறார்கள். கிட்னி போய்விடாதா? (உசிலம்பட்டி)

இதற்குப் பெரும்பாலும் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அது 1964-ல் கண்டுபிடிக்கப்பட்டது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் அது உண்டு. பி செல், டி செல் இரண்டும் ரத்த வெள்ளையணுக்கள். வைரஸ் பி செல்லில் ஒளிந்திருக்கும், டி செல் அதை அடக்கி வைத்திருக்கும். கிட்னியை உடம்பு நிராகரிக்காமலிருக்கத் தரும் டேக்ரோலிமஸ் போன்ற மருந்து டி செல்லை மந்தப்படுத்துகிறது. வைரஸ் உள்ள பி செல்கள் பெருகுகின்றன. ஆபரேஷன் முடிந்த முதல் வருடத்தில்தான் இது அதிகம். அதனால் மாத்திரையைக் குறைப்பதே முதல் சிகிச்சை. சிலருக்கு அதிலேயே கட்டி கரையும். இல்லாவிட்டால் பி செல்லை அழிக்கும் ரிடுக்ஸிமாப் மருந்து, தேவைப்பட்டால் கீமோ. கிட்னியை உடம்பு நிராகரிக்கும் ஆபத்து உண்மைதான். அதனால் கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை அடிக்கடி பார்ப்பார்கள். ஆனால் கிட்னி போனால் டயாலிசிஸ் இருக்கிறது, உயிர் போனால்? எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக ஒரு மாத்திரையும் நிறுத்தாதீர்கள்.

ஒரே டம்ளரில் காப்பி குடித்தால் ஒட்டிக்கொள்ளுமா? (திருமங்கலம்)

புற்றுநோய் ஒட்டாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் எச்சில் வழியாகப் பரவும், ஆனால் வீட்டில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஏற்கெனவே இருக்கும். தாராளமாகக் குடியுங்கள்.

முடக்குவாதத்துக்கு எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை சாப்பிடுகிறேன். அக்குளில் கட்டி. பயப்படணுமா? (வாடிப்பட்டி)

பயம் வேண்டாம், பயாப்ஸி வேண்டும். முடக்குவாதத்திலேயே நெறி கட்டுவதும் உண்டு. லிம்போமாவாக இருந்தாலும், டாக்டர் அந்த மாத்திரையை நிறுத்தியதுமே கட்டி சுருங்குகிறவர்கள் உண்டு, குறிப்பாகக் கட்டியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருந்தால். அதனால் நிறுத்திச் சில வாரம் கவனித்துவிட்டுத்தான் கீமோ பற்றிப் பேசுவோம். வேகமாகப் பெருகினால் காத்திருக்க மாட்டோம்.

அப்பாவுக்கு லிம்போமா, ரிடுக்ஸிமாப் போட வேண்டும். இருபது வருடத்துக்கு முன் வந்த காமாலை கீழாநெல்லியில் சரியாகிவிட்டது. இப்போது எதற்கு மறுபடி ஹெபடைடிஸ் பி டெஸ்ட்? (சோழவந்தான்)

கண்ணில் மஞ்சள் போய்விட்டது என்பதால் வைரஸ் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஈரலில் பதுங்கியிருக்கும் ஹெபடைடிஸ் பி, ரிடுக்ஸிமாப் போட்டதும் கிளம்பி ஈரலையே செயலிழக்கச் செய்யலாம். ஹெபடைடிஸ் பி-க்கான ரத்த டெஸ்டில் சர்ஃபேஸ் ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், முதலாவது மட்டும் போதாது. ஏதாவது ஒன்று பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் தினமும் ஒன்று. கடைசி ரிடுக்ஸிமாப் முடிந்து ஒரு வருடத்துக்காவது அதைத் தொடர வேண்டும்.