கிராண்ட்ல நடக்கற யூத் லீடர்ஷிப் ப்ரோக்ராம் பலன் தந்துச்சான்னு எப்படி அளக்கறது?

எத்தனை பேர் வந்தாங்கங்கறது வெறும் அவுட்புட்தாங்க, அதாவது நாம செஞ்ச வேலையோட கணக்கு; காசு குடுக்கற ஃபண்டர் தலையாட்டுவாரு, ஆனா பசங்ககிட்ட என்ன மாறுச்சுன்னு அதுல தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க ப்ரோக்ராமுக்கு முன்னாடி ஒரு சர்வே, பின்னாடி ஒரு சர்வேன்னு எடுப்பாங்க, அங்கதான் சிக்கலே: முதல் நாள் "நல்லா மேடையில பேசுவேன்"னு அஞ்சுக்கு நாலு போட்ட பொண்ணு, நிஜமா மைக் பிடிச்சுத் திணறின பிறகு கடைசி நாள் மூணு போடும், கத்துக்கிட்டதாலயே மார்க் குறையுது! அதனால சிலர் கடைசியில ஒரே தாள்ல "அப்போ எப்படி, இப்போ எப்படி"ன்னு சேர்த்துக் கேக்கறாங்க, இதுலயும் கொஞ்சம் பூசி மெழுகுவாங்கதான். இங்கிலாந்துல 2011ல ஆரம்பிச்ச நேஷனல் சிட்டிசன் சர்வீஸ்ங்கற அரசாங்க இளைஞர் ப்ரோக்ராம்ல, சேராத பசங்களையும் கேட்டு ஒப்பிட்டாங்க, ஏன்னா 16 வயசுல தைரியம் தானாவும் வளரும்ல. சின்ன என்ஜிஓவுக்கு அவ்ளோ காசு ஏது, ஆறு மாசம் கழிச்சு போன் போட்டு "கடைசியா எந்த மீட்டிங்கை நீங்களே நடத்துனீங்க"ன்னு கேளுங்க.