கராத்தே கட்டா நிஜச் சண்டையில் உதவுமா?

சமூக மன்றத்தில் பிள்ளையைக் கராத்தே வகுப்பில் சேர்த்த பெற்றோர் பலர் இதைக் கேட்கிறார்கள். எதிராளி இல்லாமல், வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்தான் கட்டா. அதை ஆள்மேல் எப்படிப் பயன்படுத்துவது என்று பிரித்துப் பார்ப்பதைப் ‘புங்காய்’ என்பார்கள்.

ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்கு வருகிறதே, அதைக் கவனியுங்கள். குத்துக்கு வலு சேர்க்க என்பார்கள். எனக்கு அந்த விளக்கம் போதாது. அந்தக் கையில் எதிராளியின் மணிக்கட்டு இருப்பதாக நினைத்துப் பாருங்கள். இழுத்தால் அவர் நிலை தடுமாறி உங்கள் குத்தை நோக்கியே வருவார். தடுக்க அவருக்கு ஒரு கையும் குறையும். ‘தடுப்பு’ என்று சொல்லித்தரும் சில அசைவுகளும் இப்படித்தான், பிடியை உதறவும் உதவும்.

1900களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவா தீவில் இதோசு அங்கோ என்ற ஆசான் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். அங்கே அது முதலில் உடற்பயிற்சி. அசைவு தங்கியது, பொருள் பல இடங்களில் சொல்லப்படாமலே போனது.

கட்டா வாய்ப்பாடு மாதிரி. தேக்கா சந்தையில் மீன் வாங்கும்போது யாரும் ஏழாம் வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பிப்பதில்லை; வேண்டிய வரி மட்டும் வரும். அப்படி வர, எதிர்த்து நிற்கும் துணையோடு பழக வேண்டும்.

அப்புறம், கட்டாவில் திசை மாறுவதைப் பார்த்து, நாலு பேரோடு ஒரே நேரத்தில் போடும் சண்டை என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே எதிராளியை எந்தக் கோணத்தில் நெருங்குவது என்பதையே அது காட்டுகிறது என்பது பல ஆசான்களின் விளக்கம்.