ரான் பால் பத்தி என்ன வேணா கேளுங்க

அமெரிக்கக் கீழ்சபையில 435 பேருக்கு நடுவுல பல தடவ ஒத்த ஆளா "முடியாது"ன்னு ஓட்டு போட்ட டெக்சாஸ் டாக்டர்தான் ரான் பால். ரொம்ப வருசமா இந்த மனுசன் பேச்ச கேட்டுட்டு வர்றேன், எல்லாத்துலயும் உடன்பாடு கிடையாது, அத முதல்லயே சொல்லிடறேன். நம்ம சிங்கப்பூர்ல இருந்து வந்த கேள்விங்கள்ல ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன்.

லிபர்டேரியன்னா என்னண்ணே, வலதா இடதா? (பொங்கோல் தம்பி)

தனிமனுச சுதந்திரம்தான் முக்கியம், அரசாங்கம் முடிஞ்ச அளவு ஒதுங்கி நிக்கணும்னு நினைக்கறவங்கதான் லிபர்டேரியன், ரான் பால் அந்த ரகம். வரியும் மானியமும் வேணாம்னு சொல்றப்ப வலதுசாரி மாதிரி தெரிவாரு, வெளிநாட்டுப் போர் வேணாம், போதைப்பொருள் விசயத்துல மத்திய அரசு தலையிட வேணாம்னு சொல்றப்ப இடதுசாரிங்க கை தட்டுவாங்க. அவர பொறுத்தவரைக்கும் கேள்வி ஒண்ணுதான், இத செய்ய அரசியல் சாசனத்துல அதிகாரம் எழுதியிருக்கா? இல்லன்னா நோ. அதான் "டாக்டர் நோ"ன்னு பட்டப்பேரு. டாக்டர்ங்கறது சும்மா பட்டம் இல்ல, நிஜமாவே பிரசவ டாக்டர், 4,000 குழந்தைங்களுக்கு மேல பிரசவம் பாத்திருக்காரு.

மதர் தெரசாவுக்கே எதிரா ஓட்டு போட்டாராமே, அவ்ளோ கல் நெஞ்சா? (ஈசூன் அக்கா)

அக்கா, ஓட்டு மதர் தெரசாவுக்கு எதிரா இல்ல, மெடலுக்கு எதிரா. 1997ல நாடாளுமன்றம் அவங்களுக்குத் தங்கப் பதக்கம் குடுக்க முடிவு பண்ணுச்சு, செலவு 30,000 டாலர். இவரு என்ன சொன்னாருன்னா, மக்கள் வரிப்பணத்துல எதுக்கு, நான் என் பையில இருந்து 100 டாலர் தர்றேன், நீங்களும் ஆளுக்கு நூறு போடுங்கன்னாரு. ஒருத்தரும் போடல! 1999ல கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடின ரோசா பார்க்ஸ் மெடலுக்கும் இதே கதை, ஓட்டு 424க்கு 1, அந்த 1 யாருன்னு சொல்லவே வேணாம். கோயில் அன்னதானத்துக்கு அடுத்தவன் காச எடுத்துப் போட்டுட்டு உபயம்னு நம்ம பேர எழுதிக்கறது மாதிரின்னு வச்சுக்குங்களேன், அவரு வாதம் அதான். எனக்கு இதுல ஒரு நியாயம் தெரியுது, ஆனா ரோசா பார்க்ஸ் விசயத்துல அது கறுப்பின மக்களுக்கு எப்படி வலிக்கும்னு அவரு யோசிச்ச மாதிரி தெரியல.

தங்கம் தங்கம்னு ஏன் பேசிட்டே இருப்பாரு? (தேக்கா பக்கம் நகைக்கடையில வேலை பாக்கற ஒருத்தர்)

உங்க கடை ஆளுதாண்ணே அவரு 😄 1971 ஆகஸ்ட் 15 வரைக்கும் வெளிநாட்டு அரசாங்கம் 35 டாலர் குடுத்தா அமெரிக்கா ஒரு அவுன்ஸ் தங்கம் தரணும். அப்ப அதிபரா இருந்த நிக்சன் அத நிறுத்திட்டாரு. இனிமே இஷ்டத்துக்கு நோட்டு அடிப்பானுங்க, சேமிச்சவன் காசு கரையும்னு பயந்துதான் இவரு அரசியலுக்கே வந்தாரு. 1974ல தோல்வி, 1976 ஏப்ரல் இடைத்தேர்தல்ல ஜெயிப்பு, அதே வருசம் நவம்பர்ல 300க்கும் கம்மியான ஓட்டுல தோல்வி, 1978ல திரும்ப உள்ள.

இப்படி முரண்டு பிடிச்ச ஆள கட்சி எப்படிங்க விட்டு வச்சுச்சு? (உட்லண்ட்ஸ், ஜூரோங்னு நாலஞ்சு பேர்)

இதான் இன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. நம்ம ஊர்ல எம்பி கட்சிய விட்டு விலகினாலோ கட்சி தூக்கினாலோ சீட்டு போயிடும், அரசியலமைப்புல 46வது பிரிவு. அதனால கொறடா பேச்ச மீறணும்னா நெஞ்சுல தில்லு வேணும். டாக்டர் டான் செங் போக் ஆளுங்கட்சி எம்பியா இருந்துட்டே நியமன எம்பி (தேர்தல்ல நிக்காமலே எம்பி ஆக்கறது) திட்டத்துக்கு எதிரா ஓட்டு போட்டாரு (அவரும் டாக்டரு, என்ன ராசியோ), அத இன்னைக்கும் நாம பேசறோம்னா அது அவ்ளோ அபூர்வம். அமெரிக்காவுல கட்சித் தலைமை சீட்டு குடுக்கறது இல்ல, தொகுதியில முதல்ல உள்கட்சித் தேர்தல் நடக்கும், ஜனங்க யார தேர்ந்தெடுக்கறாங்களோ அவங்கதான் வேட்பாளர். இவரு 1984ல செனட்டுக்கு முயற்சி பண்ணி தோத்து, 1988ல லிபர்டேரியன் கட்சி சார்பா அதிபர் தேர்தல்ல நின்னு அரை சதவீதம் வாங்கி, 1996ல திரும்ப ரிபப்ளிகனா வந்தப்ப அப்ப கீழ்சபை சபாநாயகரா இருந்த நியூட் கிங்ரிச் உட்பட பெரிய தலைங்க எல்லாம் டெமாக்ரட் கட்சியில இருந்து மாறி வந்த கிரெக் லாஃப்லினுக்குத்தான் சப்போர்ட், இருந்தும் இவருதான் ஜெயிச்சாரு, அப்புறம் 2013 ஜனவரி வரைக்கும் அசைக்க முடியல. 2002ல இராக் போருக்கு எதிரா ஓட்டு போட்ட ரிபப்ளிகன்ஸ் கீழ்சபையில மொத்தமே 6 பேர், 2001ல அரசு கண்காணிப்பு அதிகாரத்த கூட்டின பேட்ரியட் சட்டத்துக்கு எதிரா 3 பேர், ரெண்டுலயும் இவரு உண்டு.

அப்ப என்னதான் சாதிச்சாரு? (தெம்பனிஸ்)

சட்டக் கணக்கு பாத்தா பூஜ்யத்துக்குப் பக்கம். நூத்துக்கணக்குல மசோதா போட்டாரு, சட்டமானது ஒண்ணே ஒண்ணு, அதுவும் கால்வெஸ்டன்ல ஒரு பழைய சுங்கக் கட்டடத்த விக்கறது. ஆனா மத்திய வங்கிய தணிக்கை பண்ணணும்னு பல வருசமா தனியா கத்திட்டு இருந்தாரு பாருங்க, 2012 ஜூலையில அது கீழ்சபையில 327க்கு 98னு பாஸ் ஆச்சு. செனட்ல நின்னு போச்சு, அது வேற விசயம். 2007 டிசம்பர் 16ல ஒரே நாள்ல 60 லட்சம் டாலருக்கு மேல இணைய நன்கொடை வந்துச்சு, குடுத்தவங்க பெரும்பாலும் சாதாரண ஆளுங்க.

ரொம்ப புகழாதீங்க, ஊழல் எதுவும் இல்லையா? (புக்கிட் பாத்தோக்)

எம்பி பென்சனே வேணாம்னவரு, ஆபீஸ் செலவுக்குக் குடுத்ததுல மிச்சத்தத் திருப்பிக் குடுத்தவரு, பணத்துல கறை இல்ல. ஆனா அவரு பேர்ல வந்த நியூஸ்லெட்டர்ல கறுப்பினத்தவங்க பத்தி அசிங்கமா எழுதியிருந்துச்சு. நான் எழுதல, படிக்கலன்னாரு. உங்க பேரு மேல போட்டு விக்கற பேப்பர நீங்களே படிக்கலன்னா அது என்ன பொறுப்பு? இதுல அவரு சொன்னத நான் ஏத்துக்கல. அப்புறம் தொகுதிக்கு நிதி கேட்டு மசோதாவுல சேத்துட்டு, அந்த மசோதாவுக்கே எதிரா ஓட்டு போடுவாரு, எப்படியும் பாஸ் ஆயிடும்னு தெரியும்ல. கெட்டிக்காரத்தனம்தான்!

நம்ம ஊர்ல நின்னா? (கோப்பிக்கடை கோஷ்டி)

சிபிஎஃப் (கட்டாய சேமிப்பு நிதி) வேணாம், என்எஸ் (கட்டாய தேசிய சேவை) வேணாம், ஓட்டு போடறத கட்டாயப்படுத்தாதன்னு மேடையில பேசுவாரு. போதைப்பொருள் பத்தி வாயத் திறந்தாரோ, தாத்தா பாட்டிங்களே மொதல்ல எழுந்து போயிடுவாங்க. டெபாசிட் காலி லா.

மகன்? (கடைசி கேள்வி, பசிக்குது)

ராண்ட் பால், கண் டாக்டரு, 2011லேர்ந்து கென்டக்கி செனட்டர். அப்பா அளவுக்கு பிடிவாதம் இல்ல, கொஞ்சம் வளைஞ்சு குடுப்பாரு.